முப்பத்தோராம் நம்பர் வீட்டில் குறையாத சத்தம்

இதை எனக்கு முதன்முதல் சொன்னது எட்டாம் நம்பர் வீட்டு கிளாடிஸ். சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை, நெற்றியில் இட்ட சாம்பல் எங்களில் பாதிப்பேருக்கு இன்னும் அழியாமல் இருக்க, தண்ணி லாரிக்குக் குடங்களை வரிசை போட்டு நின்ற நேரத்தில், அவள் என் காதோரம் வந்து, எக்கா, எங்க வீட்டுக் குக்கர் விசிலடிக்க மாட்டேங்கு, ஆவி வருது, குண்டு எழும்புது, ஆடுது, சத்தம் மட்டும் இல்ல என்றாள். வாஷரை மாத்திப் பாரு என்றேன் நான். மாத்திட்டேன் என்றாள் அவள். அப்போது எங்கள் முன்னால் நின்ற பெண்ணின் பித்தளைக் குடம் கை நழுவி ரோட்டில் விழுந்து, உருண்டு, கல்லில் மோதி நின்றது. ஒரு சத்தமும் வரவில்லை. குடத்துக்காரி அதை எடுத்து, நெளிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி வரிசையில் வைத்தாள். நானும் கிளாடிசும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். லாரி வந்தது. தண்ணி பிடித்தோம்.

எங்கள் குடியிருப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அலை வந்த வருசத்துக்குப் பிறகு கட்டிக் கொடுத்த எழுபத்துநாலு வீடும் ஒரே அச்சு, ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, புதுசாய் வந்த மருமகள்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைப் பற்றவைத்த கதையெல்லாம் உண்டு. நாங்கள் வீடுகளை நம்பரால் அறிவதில்லை, சத்தத்தால் அறிகிறோம். சுவர்கள் அவ்வளவு மெலிசு. குக்கர் மூன்று தரம் கத்தினால் அது கிளாடிஸ் வீடு, தையல் மிஷின் ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு ஓடினால் அது பத்தொன்பது, பாட்டரி தீர்ந்த கடிகாரம் போலப் பல்லி கத்தினால் அது கமிட்டித் தலைவர் கஸ்பார் அண்ணாச்சி வீடு. என் வீட்டுக்குக் கதவுக் கொண்டிதான் அடையாளம். அதை எடுத்துவிட்டால் நாக்கு தட்டுவதுபோல இரண்டு தரம் சொல்லும். என் மூத்தவன் கப்பலில் இருக்கிறான், மகள் நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், வருசத்தில் ஒருதரமோ இருதரமோ வந்து அந்தக் கொண்டியை எடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் நான் ஜெபமாலை சொல்லும்போது ஒரு காதை அங்கே வைத்திருப்பேன். மாதா கோபிக்க மாட்டாள், அவளும் பிள்ளை பெற்றவள்தானே.

அந்த வியாழக்கிழமை சாயந்தரத்துக்குள் என் கொண்டியும் ஊமையாகியிருந்தது. மிஷின் ஊமை, பல்லி ஊமை. ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது, ஒரு வீட்டில் மாமியாரின் கொலுசு, ஒரு வீட்டில் தேங்காய் துருவும் சத்தம், ஒரு வீட்டில் புருசனின் குறட்டை. அந்த வீட்டுக்காரி மட்டும் யாரிடமும் முறையிடவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு சத்தம், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. முதல் வாரம் நாங்கள் பெரிசாகப் பயப்படவில்லை. தவக்காலம் அல்லவா, நாம் கவிச்சியை விட்டிருக்கிறோம், சத்தமும் ஒருசந்தி இருக்குது போல என்று கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவரே சிரித்தார். கிளாடிஸ் குண்டு எழும்புவதைக் கண்ணால் எண்ணி அரிசி வேக வைக்கப் பழகினாள். நான் கதவுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து ஜெபித்தேன்.

சந்தேகம் இரண்டாம் வாரம்தான் வந்தது. வந்ததும் நேராக முப்பத்தோராம் நம்பருக்குப் போனது.

அது மார்சலி வீடு. புருசன் இல்லாதவள், தலைச்சுமையாகக் கருவாடு விற்று ஒரே மகளை வளர்த்தவள். மகள் பெயர் டெல்பினா. கோயிலில் பதிலுரைப் பாடல் பாடிப் பாடி, சென்னைக்குப் படிக்கப் போய், அங்கே எப்படியோ டி.வி.க்காரர்கள் கண்ணில் பட்டு, கிழக்கே ஏதோ ஒரு தீவு நாட்டில் நடக்கும் உலகப் பாட்டுப் போட்டிக்கு நம் தேசத்துக்கென்று தேர்வாகியிருந்தாள். முப்பத்துநாலு தேசம், தேசத்துக்கு ஒரு குரல், உலகம் முழுக்க நேரலை. சாம்பல் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நவநாள் அன்றுதான் டி.வி.யில் அவள் முகத்தைக் காட்டினார்கள். அன்று சாயந்தரம் பூசையில் சாமியார், நம் பிள்ளை ஜெயிக்க எல்லாரும் விண்ணப்பம் எழுதிப் போடுங்கள் என்று சொல்ல, எழுபத்துநாலு வீடும் சீட்டு எழுதி அந்தோனியார் காலடியில் இருக்கும் பெட்டியில் போட்டோம். போட்டிக்கோ இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் கிடந்தது, குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை.

கிளாடிஸ்தான் கணக்குப் போட்டாள். பாடுகிறவளுக்கு என்ன வேண்டும், சத்தம் வேண்டும். நம்மிடம் என்ன குறைந்தது, சத்தம் குறைந்தது. இதற்கு மேல் போலீசா வந்து சொல்லணும் என்று அவள் கேட்டாள். கஸ்பார் அண்ணாச்சி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய், உங்க வீட்டுல என்ன சத்தம் காணோம் என்று கேட்டு எழுதினார். எழுபத்துமூன்று வீட்டிலும் ஒன்று ஒன்று இருந்தது. முப்பத்தொன்றில் மார்சலி வாசலிலேயே நின்று, ஒண்ணும் குறையலையே அண்ணாச்சி, எல்லாம் இருக்கு என்று சிரித்தாளாம். அந்தச் சிரிப்பை அண்ணாச்சி நோட்டில் எழுதவில்லை, ஆனால் எல்லாரிடமும் சொன்னார். ஊரே பட்டினி கிடக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் சோறு பொங்கினால் என்ன நினைப்போமோ அதையே நினைத்தோம்.

அதன் பிறகு மார்சலி எதைச் செய்தாலும் அது சாட்சியாகிப்போனது. அவள் கருவாட்டுக் கூடையை மூடி எடுத்துப் போனால், மூடி எதை எடுத்துப் போகிறாள் என்றோம். மூடாமல் போனால், நம்மைக் கேலி பண்ணுகிறாள் என்றோம். தினமும் மத்தியானம் மகள் போனில் முகம் காட்டிப் பேசுவாள், அதை மார்சலி வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பாள். நான் அந்த வழியாக வேண்டுமென்றே உப்பு வாங்கப் போனேன், ஆண்டவர் மன்னிக்கட்டும், வீட்டில் உப்பு இருந்தது. போனில் பிள்ளையின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது, சாப்டியாம்மா என்று கேட்டாள். மார்சலி போனைப் பார்த்துத் தலையாட்டி, இங்க வெயில்தான் மக்கா, பரவாயில்ல என்றாள். கால்வலி எப்படிம்மா இருக்கு என்றாள் பிள்ளை. ஆமா மக்கா, நாளைக்குத்தான் லாரி வரும் என்றாள் மார்சலி. நான் இதை அப்படியே கிளாடிசிடம் சொன்னேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எக்கா, இது அவங்களுக்குள்ள பேசி வச்ச பாஷை, வெயில்னா ஒரு வீடு, லாரின்னா ஒரு வீடு என்றாள். அன்றைக்கு எங்கள் தெருவில் தொலைந்த சத்தங்களில் எதற்கு வெயில் என்று பெயர், எதற்கு லாரி என்று பெயர் என்று சாயந்தரம் வரை பேசினோம்.

இப்போது நான் செய்ததையும் சொல்ல வேண்டும். நாலாவது செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போனேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்பது எங்களுக்குப் பால்குடிக்கும்போதே தெரியும், அதனால் கொண்டிச் சத்தத்தைத் தேடித் தரச் சொல்லி எழுதலாம் என்று ஒரு சீட்டை எடுத்தேன். எங்கள் கோயில் சீட்டில் இரண்டு கோடு அச்சடித்திருக்கும். மேலே கேட்பது. கீழே கொடுப்பது. காய்ச்சல் தீர்ந்தால் ஒரு கட்டு மெழுகுதிரி, பிள்ளைக்கு வேலை கிடைத்தால் ஏழைகளுக்கு நூறு ரொட்டி, இப்படிக் கீழ்க்கோட்டில் எழுதாமல் நாங்கள் யாரும் எதையும் கேட்பதில்லை, அது எங்களுக்குள்ள மரியாதை. நான் மேலே எழுதிவிட்டுக் கீழ்க்கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை டெல்பினாவுக்காக எழுதினபோது நான் கீழ்க்கோட்டை நிரப்பவில்லை. அடுத்தவள் பிள்ளை ஜெயிக்க நான் எதற்கு மெழுகுதிரி நேரணும், பெத்தவளே நேர்ந்துக்கிடட்டும் என்று வெறுமையாக மடித்துப் போட்டேன். எனக்கு முன்னால் கிளாடிசும் அப்படித்தான் மடித்தாள், பார்த்தேன். கஸ்பார் அண்ணாச்சியும்தான். வெறுங்கோட்டைப் போட்டால் நிரப்புகிறவர் அவருக்குப் பிடித்ததை நிரப்பிக்கொள்ள மாட்டாரா. எடுத்தவரிடமே வந்து, தேடித் தாரும் என்று எழுதிக்கொண்டு நிற்கிறேன்.

சீட்டை மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எழுபத்துமூன்று வீட்டுக்கும் தலைகுனிவு, அதோடு எனக்குள் இன்னொரு பாம்பு படமெடுத்தது. எங்கள் வீடுகளில் எடுத்தவர் மார்சலி வீட்டில் ஏன் ஒன்றும் எடுக்கவில்லை. அவள் கீழ்க்கோட்டில் என்ன எழுதினாள். என் வீட்டில் தொடாதேயும், மற்ற வீடுகளில் எடுத்துக்கொள்ளும் என்று எழுதினாளோ. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இதை நினைத்தேன், பத்து அருள்நிறை மந்திரமும் இதற்குள்ளேயே போய்விட்டது.

ஐந்தாம் வாரம் கமிட்டி கூடியது. முடிவு இதுதான். போட்டியன்று சமுதாயக் கூடத்தில் பெரிய டி.வி. வைப்பது, எழுபத்துநாலு வீட்டாரும் வந்து உட்காருவது, டெல்பினா பாட்டுக்குள் தன் வீட்டுச் சத்தத்தைக் கேட்கிறவர் கையைத் தூக்குவது. ஒரு கை எழும்பினாலும் போதும், மறுநாள் குருத்து பவனிக்கு முன்னால் மார்சலி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பை விட்டுப் போய்விட வேண்டும். பிறகு அவளுக்கு யாரும் நெருப்பும் தண்ணியும் கொடுக்கக் கூடாது. அவளுக்குப் போக்கிடம் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் சொன்னோம். அண்ணாச்சி அதை வாசித்தபோது மார்சலி கூடையை இறக்காமலே நின்று கேட்டுவிட்டு, சரி அண்ணாச்சி, பிள்ளை பாடட்டும் என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பு அந்தப் போட்டிக்குக் காத்திருந்ததுபோல எந்த நாடும் காத்திருந்திருக்காது. மற்ற ஊர்களில் கொடி கட்டினார்களாம், நாங்கள் காதைத் தீட்டினோம். நாள் ஆக ஆக எல்லாருக்கும் ஒரு பயம் வந்தது, இத்தனை நாள் கேட்காமல் இருந்து, கேட்கிற அன்று நம்ம சத்தத்தை நமக்கே அடையாளம் தெரியாமல் போனால் என்ன செய்வது. அதனால் வீடுவீடாகப் பயிற்சி நடந்தது. கிளாடிஸ் வாயால் விசிலடித்துப் பார்த்தாள், அவள் புருசன் இல்லட்டி, இன்னும் கொஞ்சம் மூக்கால என்று திருத்தினான். கஸ்பார் அண்ணாச்சி குளித்து, சட்டை போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பல்லி போலக் கத்தினார். நான் நாக்கை அண்ணத்தில் தட்டித் தட்டிக் கொண்டியைச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் அப்படித் தட்டும்போது மார்சலி ஜன்னல் வழியே பார்த்தாள். பார்த்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை வந்தது. போட்டி நடந்த தீவில் விளக்கு போட்டிருந்தார்கள், இங்கே மத்தியான வெயில் கூடத்துத் தகரத்தைக் காய்ச்சியது. மார்சலியை முன்வரிசையில், எல்லாரும் பார்க்கிற மாதிரி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன், பாசத்தில் அல்ல, அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க. ஒவ்வொரு தேசமாக வந்து பாடியது. யாரும் அதைக் கேட்கவில்லை. மார்சலியின் வீட்டுச் சாவி அவள் மடியில் இருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லி அண்ணாச்சிதான் சொல்லியிருந்தார்.

டெல்பினா வந்தாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஒன்றும் இல்லை. பின்னால் வாத்தியக்காரர்கள் யாரும் இல்லை, தனியாக நின்றாள். வாயைத் திறந்தாள்.

என் கொண்டி எடுபட்டது. இரண்டு தரம், நாக்கு தட்டுவதுபோல. என் மூத்தவன் கப்பலிலிருந்து வந்துவிட்டான் என்று என் உடம்பு எழுந்துவிட்டது, பிறகுதான் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் கிளாடிஸ் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு அவள் குக்கர். அண்ணாச்சி கண்ணை மூடியிருக்கிறார், அவருக்கு அவர் பல்லி. கூடம் முழுக்க ஒவ்வொருத்தர் முகத்திலும் அவரவர் வீட்டுக் கதவு திறந்தது. கை தூக்க வேண்டிய நேரம் அதுதான். என் கை மடியிலிருந்து ஒரு சாண் எழும்பியது, சத்தியமாக எழும்பியது.

அப்போது மார்சலி கை தட்டினாள்.

பாட்டு நடுவில் டெல்பினா மூச்சு வாங்க வாயை மூடின நேரம் அது. இரண்டு நொடி இருக்கும். அந்த இரண்டு நொடியில் மார்சலி பாட்டு முடிந்துவிட்டதென்று எழுந்து நின்று, சிரித்துக்கொண்டு, பலமாகக் கை தட்டினாள். டி.வி.யில் பிள்ளை மறுபடி வாயைத் திறந்தாள். மார்சலியின் கை அந்தரத்தில் நின்றது. அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை, திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக, எங்கள் முகத்தில் பாட்டைத் தேடுவதுபோல. சாவி கீழே விழுந்து கிடந்தது.

நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மார்சலி மைனி, ஒனக்கு அவ பாடுறது கேக்கலையா என்றேன்.

"அவ குரல் எனக்குக் கேட்டு முப்பத்தெட்டு நாளாச்சு மைனி," என்றாள். "மத்ததெல்லாம் கேக்கு. நீ பேசுறது கேக்கு, காக்கா கேக்கு. அவ குரல் மட்டும் இல்ல. போன்ல வாய் அசையும். நானா ஒரு பதிலைச் சொல்லிக்கிடுவேன்."

ஏன் அண்ணாச்சி கேட்டப்ப சொல்லல என்று பின்வரிசையிலிருந்து கிளாடிஸ் கேட்டாள், குரலில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் மிச்சம் இருந்தது.

"தொலைஞ்சதைத்தானே கேட்டாவ," என்றாள் மார்சலி. "எனக்குத் தொலையலையே. சீட்டுல நான் எழுதிக் குடுத்ததுதானே. என் வீட்டுல எது ரொம்ப நல்லதோ அதை எடுத்துக்கிடும்னு எழுதினேன். எடுத்துக்கிட்டாரு. குடுத்துட்டு அதைக் காணோம்னு சொல்லலாமா?"

சுருக்குப்பையில் போட்டு மறந்துபோன என் சீட்டு வியர்வையில் நனைந்து கிடந்தது, அதை எடுத்து எல்லாரும் பார்க்க விரித்தேன், வெறுங்கோட்டைப் பற்றிச் சொன்னேன், என் கோடு, கிளாடிஸ் கோடு, அண்ணாச்சி கோடு. சொல்லி முடிப்பதற்குள் டி.வி.யில் டெல்பினா பாட்டு உண்மையாகவே முடிந்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது, டி.வி.க்குள் இருந்த ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினபோதுதான் தெரிந்தது. மார்சலி அந்தக் கைதட்டலைக் கேட்டாள். இப்பதான் முடிஞ்சுதா என்று என்னிடம் கேட்டாள்.

பிள்ளைக்கு மூன்றாம் இடம். மூன்றாம் இடத்துக்கு முழுக் காணிக்கையையும் அந்தோனியார் வைத்துக்கொள்வது நியாயமா என்று எங்கள் ஆண்கள் இரண்டு நாள் வாதாடினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சத்தங்கள் திரும்பி வரவில்லை. அண்ணாச்சி குனிந்து சாவியைத் தேடி எடுத்து மார்சலி கையில் கொடுத்தார், மறுநாள் பவனியில் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் நடுவில் குருத்தோலை பிடித்து நடந்தாள், வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அவரவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்றைக்கு முப்பத்தோராம் நம்பர் வாசலில் எழுபத்துமூன்று கிண்ணம் இருந்தது.

அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆடி மாசம் பிள்ளை ஊருக்கு வருகிறாள். வந்ததும் முதல் கேள்வியாக, எப்படிம்மா பாடினேன் என்று கேட்பாள், வாய் அசைவிலேயே அது தெரிந்துவிடும். அதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும் அவளுக்கு. அதனால், மைனி, அவ எப்படிப் பாடினா, சொல்லு என்று என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். கொண்டி எடுத்த மாதிரி இருந்துச்சு மைனி என்றேன். கிளாடிசிடம் கேட்டாள், குக்கர் மாதிரி என்றாள் அவள். அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசித்து, பல்லி என்றார். போனில் அந்தப் பாட்டை எடுத்து மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தோம், பத்துத் தரம், இருபது தரம், எனக்கு என் கதவுதான் திறக்கிறது, கிளாடிசுக்கு அவள் குக்கர்தான் விசிலடிக்கிறது. எழுபத்துமூன்று வீட்டில் ஒருத்தருக்கும் டெல்பினாவின் குரல் எப்படி இருந்ததென்று தெரியவில்லை. அவரவர் சத்தத்தைத் தேடித்தானே போய் உட்கார்ந்தோம்.

நீங்க வேற ஊர்க்காரங்க. நீங்க சீட்டு எதுவும் எழுதிப் போடலை, ஒங்க வீட்டுல எதுவும் குறையலை. அன்னைக்கு மத்தியானம் நீங்களும் டி.வி. பார்த்திருப்பீங்க, வெள்ளைச் சேலை கட்டி ஒரு பிள்ளை தனியா நின்னு பாடினதைக் கேட்டிருப்பீங்க. ஆடி மாசத்துக்குள்ள ஒருநாள் இந்தப் பக்கம் வந்தா, முப்பத்தோராம் நம்பர் வீட்டுல ஏறி, அவ எப்படிப் பாடினான்னு மார்சலிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.